வீழ்வதற்குக் கூலி பெறும் மல்லன்

அமெரிக்க மல்லன் ஒருவனைப் பற்றிய திரைப்படத்தை இவ்விதழில் ஆராய வேண்டிய தேவை என்ன வந்தது என்று வாசக அன்பர்கள் வினவலாம். தேவை இருக்கிறது. நம் இல்லத்துச் சிறுவர்கள் தொலைக்காட்சியில் அமெரிக்க மல்யுத்தம் பார்த்தே வளர்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளில், பத்து ஸஹாபாக்களின் பெயரைச் சொல்லத் தடுமாறுகிறவன்கூட அந்த மல்லர்களின் பெயர், எடை, பிடிகள் அனைத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். “அத்தனையும் நடிப்பு” என்று பெரியவர்களாகிய நாம் ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். நடிப்புத்தான். ஆனால் நடிக்கும்போது ஒடிகின்ற எலும்பும் நடிக்குமா?

இக்கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு மனிதனின் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து செல்லும் படம், 2008இல் வெளிவந்த ‘தி ரெஸ்லர்’. ராபர்ட் சீகல் எழுதி, டேரன் அரோனாஃப்ஸ்கி இயக்கி, மிக்கி ரூர்க் நடித்தது. அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசாகிய தங்கச் சிங்கம் இதற்குக் கிடைத்தது. நம்மிடம் முன்னாளில் ஓதிய இளைஞர் ஒருவர் தம் மடிக்கணினியில் கொண்டுவந்து காட்டினார். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். மதுவும் போதை மருந்தும் ஆடை களையும் ஆட்டமும் இப்படத்தில் உண்டு. குடும்பத்துடன் அமர்ந்து பார்க்கத் தக்கதன்று. படத்தைப் பாருங்கள் என்று பரிந்துரைப்பது நம் நோக்கமில்லை. படம் எடுத்துரைக்கும் செய்தி, பாராதவர்களுக்கும் உரியது என்பதனாலேயே எழுதுகிறோம்.

மற்போர் நமக்கு அயலானதன்று. ‘பயில்வான்’ என்று நாம் தமிழ்போலவே வழங்கும் சொல் பாரசீகத்துப் ‘பஹ்லவான்’. ‘குஸ்தி’யும் அம்மொழியிலிருந்தே வந்தது. அவை வருமுன்னரே இம்மண்ணில் மல்லர் இருந்தனர். போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவனாட்டு ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்திய செய்தியைப் புறநானூறு போற்றி வைத்திருக்கிறது. சாத்தந்தையார் பாடினார், கிள்ளியின்மீது காதல்கொண்ட நக்கண்ணையாரும் பாடினார். வென்றவனைப் பாடினார்கள். மண்ணில் விழுந்த ஆமூர் மல்லன் பிறகு என்ன ஆனான்? எழுந்து ஊர் போய்ச் சேர்ந்தானா? முதுமையில் அவனுக்குக் கஞ்சி ஊற்றியவர் யார்? புலவர் எவரும் கேட்கவில்லை. பரிசில் வாழ்க்கையில் அதைக் கேட்க இடமும் இருந்திராது.

அமெரிக்கப் படம் அங்கேதான் தொடங்குகிறது. முதலில் பழைய சுவரொட்டிகளும் செய்தித்தாள் துணுக்குகளும் திரையில் ஓடுகின்றன. ராண்டி ‘தி ராம்’ ராபின்சன் என்னும் மல்லனின் புகழை ஒலிபெருக்கிக் குரல்கள் முழங்குகின்றன. அடுத்து, ‘இருபது ஆண்டுகளுக்குப் பின்’ என்ற எழுத்து. மழலையர் வகுப்பறை ஒன்றில், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவே, பெருத்த உடம்பொன்று நமக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் அமர்ந்து இருமுகிறது. அன்றிரவுப் பந்தயம் அப்பள்ளியில்தான் நடந்து முடிந்திருக்கிறது. கையில் தரப்படும் கூலியோ எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஊர்க்கோடியில் சக்கரக் கூண்டுவீடுகள் நிற்கும் தோப்பு ஒன்றில் அவன் குடியிருக்கிறான். வாடகை பாக்கி என்று அந்த வீட்டையும் பூட்டிவிட்டார்கள். வண்டியிலேயே உறங்குகிறான். காதில் செவிக்கருவி, எழுத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடி. ஆயினும் தலைமயிருக்குப் பொன்னிறச் சாயம் பூசுகிறான். மேனியை விளக்கொளியில் காட்டிப் பழுப்பேற்றுகிறான். தசை தளராதிருக்க ஊசி போட்டுக்கொள்கிறான்.

பந்தயத்துக்கு முன் அறைக்குள் நடப்பதைப் படம் பொறுமையுடன் காட்டுகிறது. சற்று நேரத்தில் ஒருவரையொருவர் கொல்லப் போவதுபோல் பாயவிருப்பவர்கள் அங்கே அண்ணன் தம்பிபோல் கூடியிருந்து, இந்த அடியை நீ கொடு, அந்த வீழ்ச்சியை நான் ஏற்கிறேன் என்று பேசி முடிவு செய்கிறார்கள். இளைஞர்கள் ராண்டியை மரியாதையோடு நடத்துகிறார்கள். அவன் மணிக்கட்டுக் கட்டுக்குள் சவரத் தகட்டின் துண்டொன்றை ஒளித்து வைக்கிறான். மேடையில் தகுந்த தருணம் பார்த்துத் தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்கிறான். இரத்தம் பெருகுகிறது, கூட்டம் ஆரவாரிக்கிறது. சண்டை பொய், இரத்தம் மெய். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லத் தவறிய பாதி இது.

இவ்விடத்தில் அரபு மொழியின் ஒரு நுட்பம் நினைவுக்கு வருகிறது. மக்களை வீழ்த்துகிறவன் வலியவன் அல்லன், கோபம் மூளும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வலியவன் என்ற பொருளில் அமைந்த நபிமொழியை நம்மில் அறியாதார் இல்லை. அதில் மல்லனைக் குறிக்க வரும் சொல் ‘ஸுரஆ’. ‘ரே’ எழுத்துக்கு ஜபர் வைத்து ஓதினால், பிறரை ஓயாது வீழ்த்துகிறவன் என்று பொருள். அதே எழுத்துக்குச் சுகூன் வைத்து ‘ஸுர்ஆ’ என்று ஓதிவிட்டாலோ, பிறரால் ஓயாது வீழ்த்தப்படுகிறவன் என்று பொருள் தலைகீழாகிவிடும். ‘ளுஹகா’ என்றால் மிகுதியாகச் சிரிப்பவன். ‘ளுஹ்கா’ என்றால் பிறர் சிரிப்புக்கு ஆளானவன். ஹதீஸ் விரிவுரையாளர்கள் இவ்வேறுபாட்டை விளக்கியே சென்றிருக்கிறார்கள். ஓர் உயிர்க்குறி அசைவற்று நின்றுபோனால், வீழ்த்துபவன் வீழ்பவனாகிறான். ராண்டியின் இருபது ஆண்டுகள் அந்த ஒரு குறியின் மாற்றந்தான். இன்னும் கூர்ந்து நோக்கினால், தொழில்முறை மல்லன் தொடக்கம் முதலே இரண்டுமாக இருக்கிறான். வென்றாலும் தோற்றாலும் அவன் கூலி பெறுவது விழுவதற்குத்தான். பலகைமேல் ஓசை எழ விழ வேண்டும். எழுந்து மீண்டும் விழ வேண்டும். இளமையில் அது வித்தை. ஐம்பது வயதில் அதே வித்தை முதுகெலும்பிலும் முழங்காலிலும் கடனை வசூலிக்கிறது.

(மற்போரே ஆகாதென்று இதனால் கொள்ள வேண்டாம். ருகானா என்னும் மக்கத்து மல்லருடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொருது வென்ற செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வருகிறது. அதன் அறிவிப்புத் தொடர் உறுதியானதன்று என்று திர்மிதீ இமாம் அவர்களே குறித்திருப்பதையும் சொல்வது முறை.)

இனி நம் ஊர்ப் பேச்சு. கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இப்படத்தில் புரியாதது ஒன்றுமில்லை. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் இங்கே பல உண்டு. ரோலிங் மில்லில் செந்நிறமாய்ப் பழுத்த கம்பி உருளைகளுக்கு நடுவிலிருந்து பாம்புபோல் பாய்ந்து வரும். எதிரே நிற்பவர் இடுக்கியால் அதைக் கவ்விப் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். இன்று பல ஆலைகளில் இயந்திரமே அதைச் செய்கிறது. செய்யாத இடங்களில் மனிதர் செய்கின்றனர். நம்மிடம் ஓதிய பிள்ளை ஒருவனின் தந்தை அவ்வேலையில் இருபது ஆண்டுக்கு மேல் நின்றவர். கண் மங்கியதும் காண்டிராக்டர், “நாளை முதல் வர வேண்டாம், பாய்” என்று சொல்லிவிட்டார். இப்போது தேநீர்க் கடையில் கண்ணாடிக் குவளை கழுவுகிறார். அவருடைய இடத்தில் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த இருபது வயதுப் பையன் நிற்கிறான். அப்பையனுக்கும் அவர்மேல் மரியாதைதான்; அறையில் ராண்டியைச் சூழ்ந்து நின்ற இளைஞர்களின் அதே மரியாதை.

படத்தில் ராண்டியும் குவளை கழுவும் நிலைக்கு வருகிறான். முள்கம்பியும் கண்ணாடித் துண்டும் கொண்டு நடந்த ஒரு கொடிய பந்தயத்தின் முடிவில் அவனுக்கு மாரடைப்பு வருகிறது. அறுவை செய்த மருத்துவர், இனி மற்போர் கூடாது என்கிறார். பேரங்காடி ஒன்றில் இறைச்சியும் சாலடும் எடைபோட்டுத் தரும் மேசைக்கு அவனை நிறுத்துகிறார்கள். தலைக்கு வலைத்தொப்பி, மார்பில் ‘ராபின்’ என்று அவன் வெறுக்கும் இயற்பெயர். முதல் நாள் அவன் அம்மேசையை நோக்கி நடக்கும் காட்சியை எத்தனை முறை பாராட்டினாலும் தகும். கிடங்கின் படிகளில் இறங்கி, இடுங்கிய நடைவழிகளைக் கடந்து, தொங்கும் பிளாஸ்டிக் திரையருகே வந்து நிற்கிறான். வழி நெடுகிலும், மேடைக்குச் செல்லும் மல்லனுக்காக எழும் கூட்டத்தின் முழக்கம் அவன் செவியில் வளர்ந்துகொண்டே வருகிறது. திரையைத் தள்ளி அவன் உள்ளே நுழைந்ததும் அது நின்றுவிடுகிறது. எதிரே வரிசையில் நிற்கும் பெண்மணி கேட்பது உருளைக்கிழங்குச் சாலட். வசனம் ஏதுமின்றி ஒருவனின் வீழ்ச்சியை இவ்வளவு தெளிவாகச் சொன்ன இயக்குநரிடம் தொழில் இருக்கிறது.

அதனினும் உயர்ந்ததாக நாம் கருதுவது வேறொரு காட்சி. முன்னாள் மல்லர்கள் தம் படங்களையும் ஒளிநாடாக்களையும் மேசைமேல் பரப்பி, ஒப்பமிட்டு விற்பதற்காக ஒரு மன்றத்தில் அமர்ந்திருக்கிறார்கள். வருவோர் மிகச் சிலர். ராண்டி தலையைத் திருப்பிப் பார்க்கிறான். ஒருவர் உட்கார்ந்தபடியே உறங்குகிறார். ஒருவர் சக்கர நாற்காலியில். இன்னொருவரின் காலோரம் சிறுநீர்ப் பை. அவன் ஒன்றும் பேசுவதில்லை, படமும் பேசுவதில்லை. ரூர்க்கின் முகம் அங்கே நடிகரின் முகமாக இல்லை. அவரே 1990களின் முற்பகுதியில் நடிப்பை விட்டுத் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போய் முகம் சிதைந்து திரும்பியவர்.

மெய்யான மற்போர் செய்தவர்களின் முதுமை மட்டும் வேறாக இருந்ததா என்றால், இல்லை. நம் முன்னோர் பெருமையோடு சொல்லும் பெயர் காமா பயில்வான். 1910இல் லண்டன் சென்று, உயரம் போதாதென்று ஒதுக்கப்பட்டு, அறைகூவல் விடுத்து மேடையேறினார். போலந்து மல்லன் ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரம் தரையோடு தரையாகப் படுத்துத் தன்னைக் காத்துக்கொண்டான். அடுத்த வாரம் முடிவு காண வேண்டிய நாளில் வரவேயில்லை. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது, ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த காமா ஒரு நிமிடத்துக்குள் அவனை வீழ்த்தினார். அவ்வளவு பெரிய மல்லரும் 1960இல் லாகூரில் நோயிலும் பணமுடையிலும் கழிந்த ஆண்டுகளுக்குப் பின்னரே கண்மூடினார். காரணம் விளங்காததன்று. பாலும் பாதாமும் நெய்யும் கொடுத்து மல்லர்களை வளர்த்தவை சமஸ்தானங்கள். அவை மறைந்தபோது கோதாக்களின் அடுப்பும் அணைந்தது. பயில்வானின் உடம்பு ஒரு பெருங்குடும்பத்தின் செலவு. அதை ஏற்பார் இல்லையென்றால் உடம்பே பாரமாகிவிடும்.

நம் வடசென்னைக்கு வருவோம். 1980 ஜனவரியில் முகம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அப்போது அவர் ஓய்வு பெற்றவர். அதே ஆண்டு அக்டோபரில் அவரை மீண்டும் மெய்ச்சண்டைக்கு இறக்கினார்கள். லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று அடிபட்டபின் பயிற்சியாளர் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. 1984இல் நடுக்குவாத நோய் என்று மருத்துவர் உறுதி செய்தனர். அலி சென்னைக்கு வந்த காலத்தையொட்டிய வடசென்னைக் குத்துச்சண்டை உலகை 2021இல் பா. இரஞ்சித் ‘சார்பட்டா பரம்பரை’யாக எடுத்தார். ஆர்யா ஏற்ற கபிலன் என்னும் வீரன் சாராயத்தில் மூழ்கி, தொந்தி சரிந்து, தாயின் முகத்தைப் பார்க்கக் கூசும் நடுப்பகுதி தமிழ்த் திரையில் அரிதானது. ஆனால் அப்படம் அவனை அங்கே நெடுநேரம் நிறுத்தவில்லை; கடற்கரைக்கு அனுப்பிப் பயிற்சி தந்து வெற்றியோடு திருப்பிவிட்டது. அவன் இளைஞன், அவனுக்கு அது பொருந்தும். குறையென்று சொல்ல மாட்டோம். ஐம்பதைத் தாண்டியவனுக்கு அந்தக் கடற்கரை இல்லை என்பதை ‘தி ரெஸ்லர்’ அறிந்திருக்கிறது.

‘ராம்’ என்னும் பட்டப்பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் அது செம்மறிக் கடா. மதுக்கூடத்தில் ஆடிப் பிழைக்கும் பெண்ணொருத்தி (மரிஸா டோமேய் நடித்தது, அவளும் உடலை விற்று வயதாகிக்கொண்டிருப்பவள்) ஏசுநாதரின் பாடுகளைப் பற்றிய படத்தை நினைவூட்டி, ராண்டியைப் பலிக்கடா என்கிறாள். இயக்குநர் அந்த உவமையை விரும்பியே வைத்திருக்கிறார். நமக்கோ அது சறுக்கலாகத் தோன்றுகிறது. குர்பானியின் சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும்: வெளிப்படையாக நொண்டுவது, கண்பார்வை போனது, நோயுற்றது, எலும்பில் கொழுப்பற்றது ஆகியவை குர்பானிக்கு ஆகா. இறைவனுக்கென அறுப்பதற்குக் குறையற்ற கடா வேண்டும். இந்த மேடையைச் சூழ்ந்த கூட்டத்துக்கோ செவி மந்தமான, நெஞ்சு தைக்கப்பட்ட, கால் இழுக்கும் கடாவே போதுமானதாக இருக்கிறது. இதைப் பலி என்று உயர்த்திப் பேசுவது கூட்டத்தின் குற்றத்தைக் கழுவிவிடுகிறது. இது வியாபாரம், கழித்துக் கட்டிய சரக்கை மலிந்த விலைக்கு விற்கும் வியாபாரம்.

நம் வாசகர்களைப் பெரிதும் தொடும் பகுதிக்கு வருகிறோம். ராண்டியின் பழைய எதிரி மேடையில் ‘ஆயத்துல்லா’ என்ற பெயரில், தலைப்பாகை வேடத்தில், ஈரானியக் கொடி ஏந்தி வருபவன். இருபது ஆண்டு கழித்து அவ்விருவரையும் மீண்டும் மோதவிடுகிறார்கள். ராண்டி கொடிக்கம்பைப் பிடுங்கி முழங்காலில் முறிக்கிறான், கூட்டம் கூத்தாடுகிறது. 2009இல் அமெரிக்கத் திரைத்துறைக் குழுவொன்று தெஹ்ரானுக்குச் சென்றபோது, ஈரானிய அதிபரின் கலை ஆலோசகர் இப்படத்தையும் ‘300’ என்னும் படத்தையும் சுட்டி, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

இதில் நம் கருத்து என்ன? ‘300’ பற்றிய புகார் வேறு. இப்படத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது பாதி சரி. ஆயத்துல்லாவின் உண்மைப் பெயர் பாப், கார் வியாபாரி, அமெரிக்கன். படம் இதை மறைக்கவில்லை. வேடத்துக்குள் இருப்பவன் யார் என்பதைக் காட்டுவதே அதன் வேலை. கடைசிப் பந்தயத்தில் ராண்டிக்கு மார்பு வலிக்கிறது என்பதை அறிகின்ற முதல் மனிதனும் இந்த ஆயத்துல்லாதான். போதும், என்னை அழுத்தி முடித்துவிடு என்று தாழ்ந்த குரலில் அவனைத் தூண்டுகிறான். அவ்வளவு பேர் நிறைந்த அரங்கில் ராண்டியின் உயிருக்காகக் கவலைப்படுகிறவன் ‘பகைவன்’ ஒருவனே. இதை அவமதிப்பு என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

மற்றப் பாதியில் குறை இருக்கத்தான் செய்கிறது. கொடி முறியும்போது ஆரவாரிக்கும் கூட்டம் வேடம் போடவில்லை. அதன் வெறுப்பு மெய். ராண்டியின் இரத்தத்தைக் கண்டு குதூகலிக்கும் கூட்டத்தைக் குறைகூறும் கண்ணோடு நோக்கிய இயக்குநர், இக்கூட்டத்தை அவ்வாறு நோக்கவில்லை. அந்த வெறுப்பைத் தின்று வாழ நேர்ந்த மெய்யான ஒருவரும் இருந்தார்: ஹுஸைன் கொஸ்ரோ அலீ வஸீரி, மேடைப்பெயர் ‘அயர்ன் ஷேக்’. ஈரானில் முறையாக மற்போர் பயின்று, அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டு ஒலிம்பிக் மல்லர்களுக்கு உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தவர். 1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தார் பணயமாகப் பிடிக்கப்பட்டபின், தாய்நாட்டுக் கொடியை ஆட்டி ஏச்சு வாங்குவதே அவர் பிழைப்பாயிற்று. 1984 ஜனவரியில் ஹல்க் ஹோகனிடம் பட்டத்தை இழந்தார். 1991இல் வளைகுடாப் போர் வந்ததும் அவருக்கு ‘கர்னல் முஸ்தஃபா’ என்று ஈராக்கிய வேடம் போட்டுவிட்டார்கள். எட்டாண்டுகள் ஈராக்குடன் போரிட்டு இலட்சக்கணக்கில் மக்களை இழந்த நாட்டின் மைந்தருக்கு! பிறகு கால்கள் சிதைந்து, போதைக்கு அடிமையாகி, மகள் கொலையுண்ட துயரும் சுமந்து, 2023இல் மறைந்தார். ‘தி ஷேக்’ என்னும் ஆவணப்படம் 2014இல் அவரைப் பற்றி வந்தது. அரோனாஃப்ஸ்கி ராண்டியின் முதுகுக்குப் பின் நடந்ததுபோல் ஒருவர் அந்த ஈரானியரின் முதுகுக்குப் பின்னும் நடந்து கதைப்படம் எடுத்திருந்தால், அது இதைவிடப் பெரிய படமாக அமைந்திருக்கும்.

மகளைப் பற்றிய பகுதியில் நமக்கு நிறைவில்லை. ராண்டி கைவிட்டுப்போன மகள் ஸ்டெஃபனி, கடற்கரையில் ஒரு பிற்பகலுக்குள் மனம் இளகுவதும், அவன் குடித்துவிட்டு விருந்துக்கு வர மறந்ததும் ஒரே இரவில் உறவை அறுத்தெறிவதும் கதை ஓடவேண்டிய அவசரத்தால் நேர்ந்தவை. இருபது ஆண்டுப் புண் அவ்வளவு விரைவில் ஆறவும் மாட்டாது, அவ்வளவு விரைவில் புதிதாய்க் கிழியவும் மாட்டாது. எனினும், தான் தனியாகிப் போன உடைந்த மாமிசத்துண்டு என்று மகளிடம் ராண்டி ஒப்புக்கொள்ளும் இடத்தில் நாம் கண் கலங்கியது உண்மை.

முடிவில் ராண்டி கயிற்றின் உச்சியில் ஏறி நிற்கிறான். கைகள் நடுங்குகின்றன. கூட்டம் எழுந்து நின்று கூவுகிறது. பாய்கிறான். திரை இருள்கிறது. அவன் பிழைத்தானா இல்லையா என்பதைப் படம் சொல்வதில்லை. திறனாய்வாளர் பலர் இதைப் போற்றினர். புறநானூற்றுப் புலவர் விட்ட இடத்தில் தொடங்கிய படம், கடைசியில் அவர்களைப்போலவே தரையைக் காட்டாமல் விட்டுவிட்டதே என்பது நம் ஆதங்கம். மன்றத்தில் சிறுநீர்ப் பையோடு அமர்ந்திருந்தவரும் ஒரு காலத்தில் இதே கயிற்றிலிருந்து பாய்ந்தவரே. அவர் கீழே வந்து சேர்ந்தார். ராண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டது இயக்குநருக்கு எளிது. கீழே, பலகைமேல் மல்லாந்து, அந்தப் பெரும்பாரம் தன்மேல் விழும்போது அதை நோகாமல் ஏந்திக்கொள்ளக் கார் வியாபாரி பாப் காத்துக் கிடக்கிறான். இருண்ட திரையில் அவன் முகம் காட்டப்படவில்லை.